போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க்: செருகும்போதும் கழற்றும்போதும் நீங்கள் பார்த்த கோளாறுகள்

சர்வீஸ்_பெஞ்ச்:
பழுது என்று வரும் டிஸ்க் பலவற்றில் டிஸ்க் நன்றாகவே இருக்கும், கோளாறு கரண்டில்தான். 2.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் கிடையாது, போர்ட் தரும் 5 வோல்ட்டை நம்பியே ஓடுகிறது. யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் தரும், 3.0 போர்ட் 900. ஆனால் டிஸ்க்கின் உள்ளே டேட்டா பதியும் தட்டு சுழலத் தொடங்கும் முதல் சில நொடிகளில் ஒரு ஆம்பியர் அளவுக்குக்கூட இழுக்கும். அது கிடைக்காவிட்டால் கிளம்பும், நிற்கும், மறுபடி கிளம்பும். டிக்... டிக்... என்று ஒரே இடைவெளியில் சத்தம் கேட்கும்.

டெஸ்க்டாப்பில் முன்பக்க போர்ட்டுக்கு உள்ளே தனி ஒயர் ஓடுவதால் வழியிலேயே வோல்டேஜ் குறையும். மதர்போர்டிலேயே இருக்கும் பின்பக்க போர்ட்டில், குட்டையான வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப், தனி அடாப்டர் இல்லாதது என்றால் வேண்டவே வேண்டாம். அப்போதும் அதே சத்தம் வந்தால் தட்டில் எழுதிப் படிக்கும் முனையான ஹெட்டில் பிரச்சினை இருக்கலாம். உடனே கழற்றி வைத்துவிடுங்கள். திரும்பத் திரும்பச் செருகிப் பார்த்தால் தட்டில் கீறல் விழும்.

கல்யாண_எடிட்டர்:
கேபிளைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். டிஸ்க் பக்கம் இருக்கும் அகலமான மைக்ரோ பி முனை நடுவில் பள்ளத்தோடு இரண்டு துண்டாக இருக்கும். பெரிய துண்டு பழைய 2.0, சின்னத் துண்டில் உள்ள 5 பின்தான் 3.0. சின்னத் துண்டு சரியாகப் பதியாவிட்டால் டிஸ்க் வேலை செய்யும், ஆனால் 2.0 வேகத்தில். பெரிய வீடியோ ஃபைல் நொடிக்கு 40 எம்பியைத் தாண்டவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள். 50 ஜிபி ஃபுட்டேஜ் எட்டு நிமிடத்தில் ஏறுவதும் இருபது நிமிடத்துக்கு மேல் இழுப்பதும் அந்தச் சின்னத் துண்டைப் பொறுத்தது.

விண்டோஸ்_டெஸ்க்:
'டிவைஸ் பயன்பாட்டில் இருக்கிறது' என்று சொல்லி எஜெக்ட் (கழற்றும் முன் டிஸ்க்கை விடுவிப்பது) ஆகாமல் நிற்பதற்கு: எந்த ப்ரோகிராம் பிடித்து வைத்திருக்கிறது என்று விண்டோஸே எழுதி வைக்கிறது. ஈவென்ட் வியூவர், விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம். அங்கே 225 என்ற எண்ணைத் தேடுங்கள். ப்ரோகிராமின் பெயரும் ப்ராசஸ் எண்ணும் இருக்கும். பெரும்பாலும் ஆன்டிவைரஸ், தேடல் இண்டெக்ஸ், தம்ப்நெயில் எடுக்கும் எக்ஸ்ப்ளோரர் ஜன்னல், இல்லையென்றால் மூடாமல் விட்ட ப்ளேயர்.

2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து 'குயிக் ரிமூவல்' (ரேமில் தேக்காமல் உடனுக்குடன் டிஸ்க்கில் எழுதுவது) தான் இயல்பு அமைப்பு. அதனால் எஜெக்ட் தேவையில்லை என்று பலர் சொல்கிறார்கள். எழுதுவது எதுவும் நடக்காதபோதுதான் அது சரி. யாராவது 'பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்' (வேகத்துக்காக ரேமில் தேக்கிப் பிறகு எழுதுவது) என்று மாற்றி வைத்திருந்தால் சரியே இல்லை. டிவைஸ் மேனேஜரில் டிஸ்க்கின் ப்ராப்பர்டீஸ், பாலிசீஸ் பக்கத்தில் பார்க்கலாம்.

என்ன செய்தும் எஜெக்ட் ஆகாவிட்டால் ஷட் டவுன் செய்து கழற்றலாம், ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (சீக்கிரம் திறக்க விண்டோஸின் ஒரு பகுதியைச் சேமித்து வைக்கும் வசதி) இருக்கும் சிஸ்டத்தில் சாதாரண ஷட் டவுன் முழுதாக மூடுவதில்லை.

சர்வீஸ்_பெஞ்ச்:
எஜெக்ட் ஆனதும் உடனே இழுக்காதீர்கள் சார். டிஸ்க்கின் மேல் விரலை வையுங்கள், அதிர்வு அடங்க ஐந்து பத்து நொடி ஆகும். ஓடும்போது இழுத்தால், சுழலும் தட்டில் மிச்சமிருக்கும் வேகத்தை வைத்து ஹெட்டை அவசரமாக ஒதுக்கும். ஸ்மார்ட் பட்டியலில் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியல்) 192 என்ற எண்ணுள்ள வரியில் அந்த எண்ணிக்கை ஏறும். இன்னொன்று: இப்போதைய 2.5 அங்குல டிஸ்க்குகள் பல எஸ்எம்ஆர் வகை, அதாவது டேட்டா வரிசைகளை ஒன்றின்மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதுபவை. காப்பி முடிந்த பிறகும் உள்ளே தானாக அடுக்கி எழுதிக்கொண்டிருக்கும், விளக்கு மினுக்கும். அதை முடிக்க விடுங்கள்.

லினக்ஸ்_திண்ணை:
லினக்ஸில் காப்பி பார் முடிந்தாலும் டேட்டா ரேமில்தான் இருக்கலாம். டெர்மினலில் சிங்க் (sync) கொடுங்கள், மிச்சத்தையும் டிஸ்க்கில் எழுதிவிடும். கர்சர் திரும்பி வரும் வரை கேபிளைத் தொடாதீர்கள். அன்மவுண்ட் (சிஸ்டத்திலிருந்து டிஸ்க்கை விடுவிப்பது) மட்டும் செய்தால் தட்டு சுழன்றுகொண்டே இருக்கும், டிஸ்க்ஸ் செயலியில் பவர் ஆஃப் கொடுத்தால் நிற்கும்.

டேட்டா_மீட்பு:
மேக், விண்டோஸ் இரண்டுக்கும் பொதுவாக டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் போட்டிருப்பவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மட்டான என்டிஎஃப்எஸ் தன் மாற்றங்களை முன்கூட்டியே லாக்கில் குறித்துக்கொள்ளும். எக்ஸ்ஃபேட்டில் அது இல்லை, பாதியில் இழுத்தால் ஃபோல்டர் பட்டியலே சிதையலாம். 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்டால் கேன்சல் கொடுங்கள். செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் ரிப்பேர் கருவி) போடும் முன் ஸ்மார்ட்டில் 197 என்ற எண்ணுள்ள வரியின் ரா மதிப்பைப் (படிக்கச் சிரமப்படும் பகுதிகளின் எண்ணிக்கை) பாருங்கள். பூஜ்யம் இல்லையென்றால் முதலில் முழு டிஸ்க்கையும் வேறொன்றுக்கு க்ளோன் (அப்படியே முழுப் பிரதி) எடுக்க வேண்டும், ரிப்பேர் அந்தப் பிரதியில்தான்.

போர்ட் ஆடுகிறது என்று உறையைத் திறந்து சாட்டா கேபிள் (கம்ப்யூட்டருக்குள் டிஸ்க்கை இணைப்பது) போட நினைப்பவர்களுக்கு: சில மாடல்களில் உள்ளே சாட்டாவே கிடையாது, யூஎஸ்பி முனை டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். அதில் கேபிளை மேலும் கீழும் ஆட்டிக் கழற்றினால் பற்றவைப்பு விட்டுப்போகும். நேராக இழுங்கள், டிஸ்க்கை இன்னொரு கையால் மேசையோடு பிடித்துக்கொண்டு.