ஓப்பன்டூன்ஸில் ஃபில் அடித்தால் நிறம் வெளியே பாய்கிறது

ஜெயநகர்_பென்சில்:
ஓப்பன்டூன்ஸ் என்ற 2டி அனிமேஷன் மென்பொருளுக்காகப் பென்சிலில் வரைந்த நடைக்காட்சி. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஃபீடரில் (தாளைத் தானாக உள்ளே இழுக்கும் பகுதி) விட்டு 200 டிபிஐ, கறுப்பு–வெள்ளையில் ஸ்கேன் எடுத்து ஜேபெக்காக வைத்திருக்கிறேன். க்ளீனப் (ஸ்கேனிலிருந்து கோடுகளை மட்டும் சுத்தமாகப் பிரித்தெடுப்பது) முடித்து ஃபில் (நிறம் நிரப்புவது) அடித்தால் முடியின் நிறம் பின்னணி முழுக்கப் பாய்கிறது. தாடையோரம் புள்ளி புள்ளியாக நிறம் ஏறாமல் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மறுபடி மை போட வேண்டுமா?

பெக்பார்:
மை வேண்டாம் தம்பி, ஸ்கேனை மட்டும் மறுபடி எடுங்க. கறுப்பு–வெள்ளை மோடில் மெல்லிய பென்சில் கோடு துண்டு துண்டாகிவிடும். நிறம் பாய்வது அந்த இடைவெளியில்தான். ஜேபெக் கோட்டைச் சுற்றி மங்கலாக அழுக்கு படியவைக்கும். க்ளீனப் அதையும் கோடு என்று எடுத்துக்கொள்கிறது, உங்க தாடைப் புள்ளிகள் அதுதான். 300 டிபிஐ, கிரேஸ்கேல் (சாம்பல் நிறச் சாயல்களோடு), டிஃப் கோப்பாக எடுங்க. ஃபீடர் கூடவே கூடாது, தாள் ஒரு நூல் சாய்ந்தாலும் ஓடவிடும்போது பாத்திரம் ஆடும். பெக் துளைகளும் (தாளை ஒரே இடத்தில் மாட்டும் ஓரத் துளைகள்) ஸ்கேனுக்குள் விழணும், இல்லாவிட்டால் தாள்களைத் தானாக நேராக்கும் ஆட்டோசென்டருக்குப் பிடிமானமே இல்லை. சின்னப் புள்ளிகளை அழிக்கும் டெஸ்பெக்லிங்கை ரொம்ப ஏற்றாதீங்க, அழுக்கோடு கண்மணியும் காணாமல் போகும்.

கோரமங்களா_பெயின்ட்:
அண்ணன் சொன்னதோடு இன்னொன்று. க்ளீனப் முடிந்த படம் சேமிக்கப்படும் டிஎல்வி கோப்பில் ஒவ்வொரு பிக்ஸலும் கோட்டின் நிறம், உள்நிறம், இரண்டுக்கும் நடுவே எந்த அளவு என்ற மூன்றையும் வைத்திருக்கும். கோட்டின் மங்கிய ஓரத்துக்குள் நிறம் எவ்வளவு நுழையலாம் என்பது ஃபில் டெப்த். குறைத்தால் கோட்டை ஒட்டி வெள்ளை விளிம்பு தெரியும், கூட்டினால் வெளிறிய கோட்டைத் தாண்டிவிடும். மிச்ச இடைவெளிகளை டேப் டூலால் அடையுங்க, டிஸ்டன்ஸ் (எவ்வளவு அகல இடைவெளி வரை அடைக்கணும் என்ற அளவு) சின்னதாக. பெரிதாக வைத்தால் விரல் இடுக்கும் உதட்டோரமும் ஒட்டிக்கொண்டு, நிறம் போடாத குட்டிக் குட்டி அறைகள் முளைக்கும். கீழே அடர்பச்சையில் ஒரு லெவல் (பட அடுக்கு) வைத்துப் பார்த்தால் விட்ட இடம் எல்லாம் பளிச்சென்று தெரியும்.

ஃப்ரேம் ரேஞ்சில் (பல ஃப்ரேம்களுக்கு ஒரே தடவையில்) நிரப்பும்போது நடையை முழுசாக எடுக்காதீங்க. முதல் ஃப்ரேமிலும் கடைசி ஃப்ரேமிலும் க்ளிக் செய்த இடங்களுக்கு நடுவே அது தானாகவே நகர்த்திக் கணக்குப் போடும். கை உடம்பைக் கடக்கும் ஃப்ரேமில் சட்டை நிறம் கைக்குப் போய்விடும். அங்கே வெட்டி, இரண்டு ரேஞ்சாக அடிங்க. செலக்டிவ் போட்டால் ஏற்கனவே நிரப்பினதைத் தொடாது.

பெக்பார்:
நிழல் பிரிக்கும் கோடு இருந்தால் சிவப்புப் பென்சிலில் போட்டு, கலரில் ஸ்கேன் எடுத்து, லைன் ப்ராசஸிங்கையும் கலருக்கு மாற்றுங்க. அந்தச் சிவப்பு ஸ்டைலுக்கு (நிறப்பட்டியலில் உள்ள சிவப்புக்கு) ஆட்டோபெயின்ட் கொடுத்தால், பக்கத்து நிறத்தை நிரப்பும்போதே கோடும் அதே நிறமாகும். சிவப்பு கறுப்புக்கோட்டில் முட்டி நிற்கணும், கொஞ்சம் ஏறியிருந்தாலும் பரவாயில்லை.

ஜெயநகர்_பென்சில்:
நன்றி அண்ணா. தாள் 12 ஃபீல்ட் (அனிமேஷன் தாள் அளவு, ஏ4-ஐ விடப் பெரியது), ஏ4 ஃப்ளாட்பெட்டில் (கண்ணாடியில் தாளைப் படுக்க வைக்கும் ஸ்கேனர்) அடங்காதே? இரண்டு பாதியாக எடுத்து ஒட்டலாமா?

பெக்பார்:
வேண்டாம். ஒட்டின இடத்தில் கோடு இரட்டிக்கும், இல்லை அறுந்துபோகும். ஏ3 ஃப்ளாட்பெட் வைத்திருக்கும் கடையைப் பிடிங்க.