ரூமை விடக் குளிர்ந்த கோர்: சிபியு டெம்பரேச்சர் ரீடிங்கை எவ்வளவு நம்பலாம்?

தகடு45:
இன்டெலின் நாலு கோர் சிப்பான 45 நானோமீட்டர் கோர் 2 குவாட், சாதா ஏர் கூலர், ரூம் 31 டிகிரி. ஐடிலில் (வேலை ஏதும் இல்லாதபோது) முதல் ரெண்டு கோரும் 43. மூணாவது மட்டும் 24! ஏர் கூலரால் ரூமுக்குக் கீழே இறக்கவே முடியாது. சிப்புக்குள் சென்சார் எண் பதியும் ரெஜிஸ்டரைப் பார்த்தால் 76 இருந்தது. சிப் தருவது டெம்பரேச்சரே இல்லை, டிஜே மேக்ஸை, அதாவது சிப்புக்கு அனுமதித்த உச்ச வெப்பத்தைத் தொட இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்பதுதான். சாஃப்ட்வேர் 100-ல் 76-ஐக் கழித்து 24 என்று காட்டிவிட்டது. நாலாவது கோர் 50-லேயே ஒட்டிக்கிடந்து, லோடு ஏறிய பிறகுதான் நகர்ந்தது. நாலும் 80-ஐத் தாண்டியதும் வித்தியாசம் 4 டிகிரிக்குள் வந்துவிட்டது. ஐடில் ரீடிங்கை வைத்துக் கூலரை ஒப்பிடுவது சுத்த வீண்.

கர்னல்வாசி:
அந்த 100 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. டெஸ்க்டாப் கோர் 2 சிப்பில் டிஜே மேக்ஸைப் படிக்க வழியில்லை. 2008-ல் இன்டெல் எண்களை வெளியிடும்வரை ஒவ்வொரு சாஃப்ட்வேரும் ஊகித்துத்தான் போட்டது. ஊகம் 10 டிகிரி தப்பினால் எல்லாக் கோரும் சேர்ந்து 10 டிகிரி தப்பும். கோர் 2-க்கு அடுத்த தலைமுறையான நெஹாலமிலிருந்து ஹெக்ஸ் 1ஏ2 ரெஜிஸ்டரில் 16 முதல் 23 வரையுள்ள பிட்களில் இது இருக்கிறது.

ரைசன்_ரசிகை:
ஏஎம்டியின் ரைசன் 1800எக்ஸ், ஐடிலில் 58. சிப்புக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்டை மாற்றி, கூலரைக் கழற்றிப் பூட்டியும் அதே 58. சாஃப்ட்வேர் காட்டிய அந்த எண்ணின் பெயர் டிசிடிஎல், அது ஃபேனை ஓட்டுவதற்கான எண். 1700எக்ஸ், 1800எக்ஸில் நிஜத்தை விட 20 கூட, 2700எக்ஸில் 10, த்ரெட்ரிப்பர் 1950எக்ஸில் 27. உள்ளே இருந்தது வெறும் 38. டிடை (சிப்பின் நிஜ டெம்பரேச்சர்) என்று தனியாகக் காட்டினால் அதைப் பாருங்கள்.

ஹீட்சிங்க்:
தகடு45 சொல்வதைப் பாதிதான் ஏற்க முடியும். அந்த சென்சார் சிப்பைக் காப்பாற்றத்தான் வைக்கப்பட்டது. மேலே துல்லியம், கீழே இறங்க இறங்கப் பிழை கூடும். "ஐடில் வீண்" என்று ஒரேயடியாகத் தள்ளாதீர்கள், சோதிக்க அது உதவும். மெஷினை ஒரு மணி நேரம் அணைத்து வையுங்கள். ஆன் செய்து ஓஎஸ்ஸில் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். பயோஸ் திரையில் பார்க்காதீர்கள், அங்கே கோர் தூங்காது, ரீடிங் கூடத்தான் வரும். கேஸுக்குள் காற்று நுழையும் இடத்தில் தெர்மாமீட்டர் வையுங்கள். எந்தக் கோராவது அதற்குக் கீழே காட்டினால் அந்தக் கோரின் ஐடில் எண்ணை மறந்துவிடலாம். அடுத்து சிபியுவுக்கு முழு லோடு ஏற்றும் பிரைம்95 சாஃப்ட்வேரில் ஸ்மால் எஃப்எஃப்டி என்ற சோதனை, 15 நிமிடம். கோர்களுக்குள் 5, 8 டிகிரி வித்தியாசம் சகஜம். ஒரு கோர் மட்டும் 15 எகிறினால் சென்சாரைத் திட்டுமுன் கூலர் ஸ்க்ரூவையும் பேஸ்ட் பரவலையும் பாருங்கள். கடைசியாக த்ராட்டில் கவுன்ட், அதாவது சூட்டால் சிப் தன் வேகத்தைக் குறைத்த தடவைகளின் எண்ணிக்கை: டெம்பரேச்சர் என்ன காட்டினாலும் இது ஏறாமல் இருந்தால் சிப் எல்லையைத் தொடவில்லை. ரைசன் 7000-ல் முழு லோடில் 95-ஐத் தொடுவது வடிவமைப்பே, அதைக் கண்டு பதற வேண்டாம்.

தகடு45:
கூலர் ஒப்பீட்டுக்கு வீண் என்றுதான் எழுதினேன், சோதனைக்கு இல்லை. லோடில் ரீடிங்கிலிருந்து ரூம் டெம்பரேச்சரைக் கழித்து ஒப்பிடலாம், அது நிற்கும்.

பின்127:
மானிட்டரிங் சாஃப்ட்வேரில் ஆக்ஸ்டின் (கூடுதல் டெம்பரேச்சர் இன்புட்) 127 டிகிரி என்று பார்த்து மதர்போர்டையே மாற்றக் கிளம்புகிறார்கள், தயவுசெய்து நிறுத்துங்கள். மதர்போர்டில் டெம்பரேச்சர், ஃபேனைக் கவனிக்கும் சூப்பர் ஐஓ சிப்பின் அந்தப் பின்னில் தெர்மிஸ்டரே (வெப்பம் அளக்கும் உறுப்பு) கோக்கப்படவில்லை. 127 என்பது மைனஸும் காட்டக்கூடிய 8 பிட் எண்ணின் உச்சம், அவ்வளவுதான். அதே பட்டியலில் வரும் சிபியுடின் என்பதும் பல போர்டுகளில் சாக்கெட் பக்கத்து தெர்மிஸ்டர், கோர் இல்லை. இன்னொன்று: ரெண்டு மானிட்டரிங் சாஃப்ட்வேரை ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள். ரெண்டும் அதே சிப்பை ஒன்றுக்கொன்று தெரியாமல் படித்தால் திடீரென அபத்தமான எண் வரும். ஒன்றை மூடிவிட்டு, ரீடிங் எடுக்கும் இடைவெளியை 2 விநாடி வைத்துப் பாருங்கள்.