பட்டன் அமுக்கினால் திறக்கும் மடக்கு கத்தி: நம்பி வாங்க எது நல்லது?

ஏலமலை_செல்வம்:
அவசரம். பட்டன் கத்தி ஒன்று வைத்திருந்தேன், இப்போது பாதி திறந்து நின்றுவிடுகிறது. உழைக்கிற மாதிரி வேறு ஒன்று சொல்லுங்கள். ஆன்லைனில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது.

லோயர்கேம்ப்:
எவ்வளவு பட்ஜெட்? அலகு எவ்வளவு நீளம்? எதற்கு வேண்டும்?

சாணைக்கல்:
அதைவிட முக்கியம், எந்த வகை என்று சொல்லுங்கள். பக்கவாட்டில் சுழன்று திறப்பதா, கைப்பிடிக்குள்ளிருந்து நேராக முன்னால் பாய்வதா? இரண்டாவது வகையில் அலகு வெளியே வரும்போது ஏதாவது பட்டால் போதும், தடத்தை விட்டு நழுவிப் பாதியில் நிற்கும். நுனியைக் கவனமாகப் பிடித்து முழுசாக இழுத்தால் மறுபடி டக்கென்று உட்காரும்.

கத்திப்பெட்டி:
இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதுவது? தேடிப் பார்க்கிற பழக்கமே இல்லையா? ஆட்டோ வேறு, ஸ்பிரிங் உதவி வேறு. பட்டனைத் தொட்டதும் தானாகத் திறந்தால் ஆட்டோ. விரலால் கொஞ்சம் தள்ளிய பிறகு ஸ்பிரிங் இழுத்துக்கொண்டு போனால் அது உதவித் திறப்பு. இதுகூடத் தெரியாமல் காசைக் கரைக்க வேண்டாம்.

குமுளி_ஜீப்:
அண்ணே, அவருக்கு வேலை கெட்டுப் போயிருக்கிறது, நீங்கள் பாடம் எடுக்கிறீர்கள். செல்வம், மலைக்குக் கொண்டுபோகவா?

ஏலமலை_செல்வம்:
ஆமாம், கேரளாவில் வண்டன்மேடு பக்கம். மிளகுக் கொடி கட்ட ஏணியில் நிற்கும்போது ஒரு கை ஏணியில் இருக்கும். சணலை அறுக்க ஒரு கையால் திறக்கணும். பக்கவாட்டு வகைதான்.

லோயர்கேம்ப்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் தம்பி!

சாணைக்கல்:
அப்படியானால் புதுசு வாங்கும் முன் பழசைப் பாருங்கள். அந்தப் பட்டன்தான் பூட்டும்கூட. அலகின் அடியில் ஒரு பள்ளம் இருக்கும், பட்டனின் தண்டு அதில் போய் உட்கார வேண்டும். பாதியில் நின்ற அலகு பூட்டப்படாத அலகு, விரல் மேல் மடங்கிவிடும். அலகு சுழலும் அச்சுத் திருகு இறுகியிருந்தாலும், உள்ளே குப்பை சேர்ந்திருந்தாலும் ஸ்பிரிங்குக்குத் தள்ளப் பலம் போதாது. பட்டன் ஓரத்தில் சாக்கு நார் சிக்கியிருக்கிறதா?

மேகமலைக்காரன்:
எனக்கு ஸ்பிரிங் செத்துப்போச்சு என்றுதான் தோன்றுகிறது. மலிவுக் கத்தியில் முதலில் போவது அதுதான். பேசாமல் சின்ன உறைக்கத்தி ஒன்றை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். திறக்கவும் வேண்டாம், மடக்கவும் வேண்டாம்.

குமுளி_ஜீப்:
ஏணியிலிருந்து சறுக்கினால் உறைக்கத்தி எங்கே குத்தும் என்று யோசித்தீர்களா? அதை விடுங்கள், செக்போஸ்ட்டில் பட்டன் கத்தியைப் பார்த்தால் கேரளா போலீஸ் விடுமா?

கத்திப்பெட்டி:
தாராளமாக விடும். ஆயுத விதிகள் 2016 ஆயுதமாகக் கணக்கிடுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள கத்திகளை. விவசாயத்துக்குச் செய்ததற்கு விலக்கும் உண்டு.

லோயர்கேம்ப்:
டெல்லியில் 1980-ல் போட்ட அறிவிக்கையில் பட்டன் கத்திக்குத் தனிக் கணக்கு இருக்கிறதே. 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் அல்லது அதற்கு மேல் இருந்தாலே கணக்கில் வரும்.

கத்திப்பெட்டி:
அது டெல்லிக்கு. வண்டன்மேடு டெல்லியிலா இருக்கிறது?

லோயர்கேம்ப்:
அதே மாதிரி அறிவிக்கை எந்த மாநிலத்துக்கும் வரலாம் என்கிறேன். விவசாய விலக்கு அரிவாளுக்குப் பொருந்தும். பட்டன் கத்தியை விவசாயக் கருவி என்று ஏட்டையாவிடம் நீங்கள் வந்து விளக்குவீர்களா?

கத்திப்பெட்டி:
சட்டம் படித்தவன் பேசுகிறேன்.

குமுளி_ஜீப்:
செக்போஸ்ட்டில் நிற்கிறவன் நான் பேசுகிறேன் 😄 திருப்பாச்சி அரிவாளைச் சாக்கில் சுற்றி வைத்தால் ஒன்றும் கேட்பதில்லை. பையில் பட்டன் கத்தி இருந்தால் வண்டியை ஓரம் கட்டச் சொல்வார்கள். அவ்வளவுதான் விஷயம்.

சாணைக்கல்:
செல்வம், ஒரு கைக்கு ஆட்டோதான் வேண்டும் என்றில்லை. ஸ்பைடர்கோ கத்திகளில் அலகிலேயே வட்ட ஓட்டை இருக்கும், கட்டைவிரலை வைத்துத் தள்ளினால் திறந்துவிடும். அலகில் குமிழ் வைத்தவை விலை குறைவாகவும் கிடைக்கும். ஸ்பிரிங் இல்லை, கெட்டுப்போக ஒரு பாகம் குறைவு. உள்ளே லைனர் பூட்டு, அதாவது திறந்த அலகு மடங்காமல் தாங்கும் உள்தகடு, இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒபினெல் என்ற பிரெஞ்சு மடக்கு கத்தியும் நல்லதுதான், ஆனால் நகம் வைத்துத் திறந்து வளையத்தைத் திருப்ப இரண்டு கை வேண்டும். உங்களுக்கு ஆகாது.

மேகமலைக்காரன்:
இரும்பு எது? மலையில் பனியும் சாரலும். டி2 என்கிற எஃகு வாங்கினால் துருப்பிடிக்கும்.

சாணைக்கல்:
டி2-வில் குரோமியம் 12 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. ஆனால் பெரும்பகுதி கார்பனோடு சேர்ந்து கார்பைடு என்ற கெட்டித் துகள்களில் சிக்கிக்கொள்வதால் துரு தடுக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். சாயங்காலம் துடைத்துத் துளி எண்ணெய் விட்டால் போதும். அந்தச் சிரத்தை இல்லாதவர்கள் 8சிஆர்13 என்ற துருப்பிடிக்காத எஃகு எடுக்கலாம், அடிக்கடி சாணை பிடிக்கணும்.

மேகமலைக்காரன்:
எங்கள் தாத்தா லாரிப் பட்டையில் அடித்த கத்தியை எந்தச் சதவீதமும் பார்க்காமல் வைத்திருந்தார்.

கத்திப்பெட்டி:
தாத்தா கதைக்குத் தனி இழை இருக்கிறது.

ஏலமலை_செல்வம்:
திருகைக் கொஞ்சம் தளர்த்தினேன், பிரஷ் போட்டேன். நார் இருந்தது, சாணைக்கல் அண்ணன் சொன்னது சரி. இப்போது முழுசாகத் திறக்கிறது. ஆனாலும் குமிழ் வைத்தது ஒன்று ஆர்டர் போட்டுவிட்டேன். நன்றி.

சாணைக்கல்:
அந்தத் திருகின் மரையில் கழலாமல் பிடிக்கும் பசை (த்ரெட்லாக்கர்) ஒரு துளி வையுங்கள், இல்லையென்றால் தானாகக் கழன்றுவிடும். அச்சுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என்ன இரும்பு ஆர்டர் போட்டீர்கள்?

லோயர்கேம்ப்:
அலகு எத்தனை செ.மீ.?

கத்திப்பெட்டி:
மறுபடியும் டெல்லியா?