சறுக்கினால் சிறையா? போதை வழக்குகளும் நீதிமன்றம் அனுப்பும் சிகிச்சையும்

வேப்பமரத்தடி (திரியைத் தொடங்கியவர்):
அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2018-ல் கொடுத்த தீர்ப்பைப் பற்றிப் பேசலாம். திருட்டு வழக்கில் சிறைக்குப் பதிலாக நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்த ஒரு பெண். போதைப்பொருளைத் தொடக்கூடாது என்று நிபந்தனை. சில நாளிலேயே சோதனையில் ஃபென்டனில் என்ற கடும் போதைப்பொருள் தெரிந்துவிட்டது. சிகிச்சை மையத்தில் இடம் கிடைக்கும்வரை சிறையில் வைத்தார்கள். "எனக்கு இருப்பது நோய், அதன் அறிகுறிக்குத் தண்டனையா?" என்பது அவர் தரப்பு வாதம். நிபந்தனை செல்லும் என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. சர்க்கரைக்காரர் லட்டு சாப்பிட்டால் ஜெயிலா என்று யாரும் கிளம்பி வராதீர்கள். அவர் லட்டுக்காகப் பக்கத்து வீட்டுப் பூட்டை உடைப்பதில்லை.

அகிலா_வார்டு:
லட்டை விடுங்கள் சார், உடம்பைப் பேசுவோம். ஹெராயின்காரர் சில வாரம் நிறுத்தினாலே உடம்பின் தாங்குதிறன் இறங்கிவிடும். வெளியே வந்து பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுபோகும். சறுக்கி மறுபடி போதையைத் தொட்டவரைச் சிறையில் போட்டு, மருந்து இல்லாமல் காயவைத்து அனுப்புவது அந்த ஆபத்தைக் கூட்டும் வேலை. ஹெராயின் போன்றவற்றிலிருந்து மீளக் கொடுக்கும் பூப்ரெனார்ஃபின், மெத்தடோன் மருந்துகளை எடுப்பவர்களிடையே சாவு ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. அந்த மருந்தையே "இன்னொரு போதை" என்று சொல்லித் தடுத்த நீதிமன்றங்கள் அமெரிக்காவில் இருந்தன. அப்படித் தடுப்பது மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டத்துக்கு எதிரானது என்று அந்நாட்டு நீதித்துறை அமைச்சகம் 2022-ல் சொல்ல வேண்டி வந்தது.

வேப்பமரத்தடி:
மருந்து கொடுங்கள் மேடம், யார் வேண்டாம் என்றது? ஆனால் கோர்ட் வாசல் வரை இழுக்காமல் எத்தனை பேர் தானாக உங்கள் போதை மீட்பு வார்டுக்கு வந்தார்கள்? 1989-ல் மயாமியில், சிறைக்குப் பதில் கண்காணிப்போடு சிகிச்சைக்கு அனுப்பும் முதல் போதை நீதிமன்றம் தொடங்கியதே, பிடிப்பதும் விடுவதுமாகவே காலம் போகிறது என்றுதானே.

கறுப்புக்கோட்டு_மதுரை:
மயாமி இருக்கட்டும், நம் சட்டத்தையும் பாருங்கள். 1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 39-ம் பிரிவு இருக்கிறது. பயன்படுத்திய குற்றத்திலோ சிறு அளவு வழக்கிலோ தண்டனைக்கு உள்ளான, போதைக்கு அடிமையானவரை உடனே சிறைக்கு அனுப்பாமல், அவர் சம்மதத்தோடு, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனைக்கு அனுப்பலாம். ஒரு வருடத்துக்குள் சிகிச்சையின் பலனைக் கோர்ட்டில் காட்ட வேண்டும். பிறகு மூன்று வருடம் வரை பிணைப்பத்திரத்தில் விடலாம். "சம்மதத்தோடு" என்று சட்டமே சொல்கிறது, கவனியுங்கள். ஆனால் நான் பார்த்தவரை யாரும் கேட்பதில்லை. "ஃபைனைக் கட்டிட்டு வந்துடலாம் சார்" என்பதுதான் கட்சிக்காரரின் முதல் பேச்சு. இன்னொன்று: குடிக்கு இந்தப் பிரிவே கிடையாது. டாஸ்மாக் வாசலில் விழுந்து கிடப்பவருக்கு இந்தச் சட்டத்தில் வேலையில்லை.

மீண்டவன்:
39-ல் போய் வந்தவன் நான். வேப்பமரத்தடி அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. கோர்ட் இல்லையென்றால் நான் போயிருக்க மாட்டேன். நடுக்கமும் வாந்தியும் நின்ற பிறகுதான் கஷ்டமே ஆரம்பித்தது. தூக்கம் கிடையாது. அப்பா குரல் கேட்டாலே கோபம். தங்கச்சி முகத்தைப் பார்க்கக் கூச்சம். இதையெல்லாம் கவுன்சலரிடம் சொல்லத்தான் அங்கே உட்காரவைத்தார்கள். ரிப்போர்ட் கோர்ட்டுக்குப் போகும் என்று தெரிந்த பிறகு எவன் வாயைத் திறப்பான்? "நல்லா இருக்கேன் மேடம்" என்றே ஓட்டினேன். ஒரு ராத்திரி இழுத்தும்விட்டேன். அதையும் சொல்லவில்லை. கேஸ் முடிந்து, என் ஃபைலில் எதுவும் எழுதாத ஒரு கூட்டத்தில் உட்கார்ந்தபோதுதான் பேச வந்தது.

அகிலா_வார்டு:
தம்பி, இதைத்தான் நான் வார்டில் தினம் பார்க்கிறேன். சறுக்கினதும் ஓடி வந்து சொல்பவரைக் காப்பாற்றலாம், மறைப்பவரை முடியாது. சிறை பயம் மறைக்கத்தான் சொல்லிக் கொடுக்கிறது. வந்தாரா, வரவில்லையா என்பதை மட்டும் கோர்ட்டுக்குச் சொல்லட்டும். உள்ளே பேசினது உள்ளேயே இருக்கட்டும்.

வேப்பமரத்தடி:
வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு நீதிபதி என்ன செய்வார்? என் அக்கா வீட்டில் பையன் பீரோவை உடைத்து நகையை எடுத்தான். மறைத்துக்கொண்டே இருந்தான், நாங்களும் நம்பிக்கொண்டே இருந்தோம். சோதனை முடிவு கோர்ட்டுக்குப் போயாக வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். கவுன்சலிங்கில் பேசினது வேண்டுமானால் வெளியே போக வேண்டாம்.

அகிலா_வார்டு:
நகையை எடுத்ததற்குக் கேஸ் போடுங்கள், நான் தடுக்கவில்லை. சிறுநீரில் தெரிந்ததற்குப் போடாதீர்கள். சோதனை முடிவு வந்தால் மருந்தின் அளவை மாற்றுவோம், வாரம் ஒரு முறை வருபவரை மூன்று முறை வரச் சொல்வோம். டாக்டர் செய்ய வேண்டியதை ஏன் ஜெயிலர் செய்கிறார்?

வேப்பமரத்தடி:
மூன்று முறை கூப்பிட்டும் வராவிட்டால்?

அகிலா_வார்டு:
அப்போது கோர்ட் கூப்பிடட்டும்.

கறுப்புக்கோட்டு_மதுரை:
அக்கா மகன் மேல் போதை வழக்கும் இருந்தால், அது சிறு அளவுதானா என்று முதலில் பாருங்கள். கஞ்சா என்றால் 1 கிலோ, ஹெராயின் என்றால் 5 கிராம் வரை. அப்படியென்றால் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டாம். போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சையை முடித்தால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவில் அந்த வழக்கிலிருந்தே விலக்கு உண்டு. பாதியில் விட்டால் விலக்கு ரத்தாகலாம். நகைத் திருட்டுக்கு இது பொருந்தாது, அது தனி. பையனுக்கு இதைச் சொல்லிவிட்டீர்களா?

வேப்பமரத்தடி:
இல்லை சார். இப்படி ஒன்று இருக்கிறது என்று எங்கள் வக்கீல் சொல்லவே இல்லை. பிரிவு எண்ணை அக்காவுக்கு அனுப்புகிறேன். சோதனை விஷயத்தில் அகிலா மேடத்தோடு எனக்கு இன்னும் சண்டைதான்.