கேள்வி கேட்கும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்? கள ஆய்வு அனுபவப் பகிர்வு

வேடசந்தூர் பக்கம் வேலை செய்த கள ஆய்வாளர்:

பெண்கள், குடும்பம், சாதி, திருநங்கையர் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்கும் வேலையில் இருப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். பதில் சொன்ன பக்கம் இருந்தவர்களும் இருப்பீர்கள். உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

தேசியக் குடும்ப நல ஆய்வில் ஒரு கேள்வித் தொகுப்பு உண்டு. சொல்லாமல் வெளியே போனால், வீட்டையோ பிள்ளைகளையோ கவனிக்காமல் விட்டால், எதிர்த்துப் பேசினால், உடலுறவுக்கு மறுத்தால், ஒழுங்காகச் சமைக்காவிட்டால், நடத்தையில் சந்தேகம் வந்தால், மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால் மனைவியைக் கணவன் அடிப்பது சரியா? ஏழு காரணங்கள். ஒவ்வொன்றாகப் படித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வாங்க வேண்டும். 2019-21 சுற்றில் இந்திய அளவில் 45% பெண்கள் ஒரு காரணத்துக்காவது ஆமா சொன்னார்கள். ஆண்களில் 44%. தெலங்கானாவிலும் ஆந்திராவிலும் பெண்களில் 84%. தமிழ்நாட்டுப் பெண்களின் அளவும் தேசிய சராசரியைவிட வெகு அதிகம். இந்த எண்கள் வெளிவரும்போதெல்லாம் தென்னிந்தியப் பெண்களே அடியை ஏற்றுக்கொள்கிறார்கள் என்ற தொனியில் பேச்சு கிளம்பும். எனக்கு அப்போதெல்லாம் ஒரு வீடு ஞாபகம் வரும்.

நான் வேலை செய்தது வேறொரு ஆய்வு. ஆனால் இதே ஏழு கேள்விகள் அதிலும் இருந்தன. நாங்கள் போனபோது அந்த வீட்டு மருமகள் நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து, தூங்கி அப்போதுதான் எழுந்திருந்தார். வாசலில் மாமியார் கூலிக்குச் சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார். "உரிமைத்தொகை விஷயமாவா வந்திருக்கீங்க தாயி?" என்றார். 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் வர ஆரம்பித்ததிலிருந்து டேப்லெட்டோடு போகிற யாரையும் இப்படித்தான் கேட்கிறார்கள். இல்லை என்று அங்கேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விட்டுவிட்டால், அப்புறம் எல்லாப் பதிலும் பணம் வருமா, நின்றுவிடுமா என்ற நினைப்பிலேயே வரும்.

நான் கேட்கக் கேட்க, ஏழுக்கும் ஆமா என்றே பதில் சொன்னார் அந்த மருமகள். கேள்வியை முழுதாகப் படித்து முடிப்பதற்குள் பதில் வந்தது. கண் என் பக்கம் இல்லை, வெங்காயக் கூடை பக்கம் இருந்தது.

எங்கள் டீமில் இருந்த இன்னொரு பெண், "அம்மா, ஆடு மாடு கணக்கு எழுதணும், வாங்க காட்டுங்க" என்று மாமியாரைப் பின்பக்கம் கூட்டிப்போனார். ஆள் கூடும் வீடுகளில் என்ன செய்வது என்று நாங்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளும் வழி இது. நான் கேள்விகளின் அடுத்த பகுதிக்குப் போய்விட்டேன். அந்த மருமகள்தான் நிறுத்தினார்.

"அக்கா, முன்னாடி அடிக்கலாமான்னு கேட்டீங்கள்ல, எல்லாத்துக்கும் ஆமான்னு போட்டுட்டீங்களா?"

"ஆமாம்மா. மாத்தணும்னா மாத்தலாம்."

"சமையலுக்கு வேணாம். வெளிய போறதுக்கும் வேணாம். சந்தேகப்பட்டு அடிக்கிறதையும் எடுத்துருங்க." கொஞ்சம் யோசித்தார். "மாமியாரை மதிக்கலேன்னா... அது இருக்கட்டும்க்கா. அது தப்புதானே."

யோசித்து இருக்கட்டும் என்று சொன்ன அந்த ஒரு பதில் அவருடைய சொந்த நம்பிக்கை. எடுக்கச் சொன்ன மூன்று ஆமாக்களும் வாசலில் உட்கார்ந்திருந்தவருக்காகச் சொன்னவை. 45%, 84% என்று வருகிற எண்களில் இரண்டு வகையும் கலந்து கிடக்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன். எவ்வளவு எது என்று பிரிக்கவும் வழி இருக்கிறது. பல நாடுகளில் நடந்துவந்த டி.எச்.எஸ் (மக்கள்தொகை, சுகாதார ஆய்வு) படிவத்தில் இந்தக் கேள்விக்கு முன்னால் ஒரு சின்னக் கட்டம் வரும். கணவர், மற்ற ஆண்கள், மற்ற பெண்கள், 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இவர்களில் யார் அந்த இடத்தில் இருக்கிறார்கள், இருந்தால் காது கொடுத்துக் கேட்கிறார்களா என்று ஆய்வாளர் குறிக்க வேண்டும். அந்தக் கட்டத்தை வைத்துப் பிரித்த அட்டவணையை எந்தச் செய்தியிலும் நான் பார்த்ததில்லை. ஏன் போடுவதில்லை? படிப்பவர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம் அது.

வீட்டு வன்முறைப் பகுதிக்கு விதி இன்னும் கடுமை. ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்கலாம். தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே விட்டுவிட வேண்டும். தகவலைவிடப் பெண்ணின் பாதுகாப்பு முக்கியம் என்று உலக சுகாதார நிறுவனம் 2001-லேயே நெறிமுறை போட்டுவிட்டது. இன்றைய கணக்கை முடி என்று அவசரப்படுத்தும் சூப்பர்வைசர்களோடு இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். அதே 2019-21 ஆய்வில், வன்முறைக்கு ஆளான பெண்களில் 77% பேர் யாரிடமும் உதவி கேட்கவும் இல்லை, வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. அப்படிப்பட்ட ஒருவர் நம்மிடம்தான் முதல்முறையாகச் சொல்கிறார் என்றால், மாமியார் காதில் விழும் தூரத்தில் வைத்துக் கேட்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.

குமாரபாளையத்திலிருந்து ஒருவர்:

அக்கா, நீங்கள் சொன்னதற்கு நேர்மாறாக ஒன்று எனக்கு நடந்தது. பக்கத்தில் ஆள் இருந்ததால் நல்லது நடந்த கதை.

நேரப் பயன்பாட்டு ஆய்வு மாதிரியான ஒரு வேலை. முந்தின நாள் காலை 4 மணியிலிருந்து மறுநாள் காலை 4 மணி வரை, அரைமணி அரைமணியாக என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுத வேண்டும். விசைத்தறி வீடு. முதலில் கணவரிடம் கேட்டேன். அவருடையது சீக்கிரம் முடிந்துவிட்டது. தறி, டீ, தறி, சாப்பாடு, தறி, தூக்கம். உழைப்பாளிதான், குறை சொல்ல மாட்டேன். மனைவி என்ன செய்கிறார் என்றதற்கு, "அவ வீட்லதானுங்க இருக்கா" என்றார்.

அந்த அம்மாவிடம் கேட்க ஆரம்பித்ததும் விஷயம் மாறிவிட்டது. தண்ணீர் பிடித்தது, சோறு வைத்தது, பிள்ளைக்குத் தலை பின்னியது, இடையில் தார் (தறிக்கான ஊடை நூல்) சுற்றியது, மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது, மறுபடி தார். தார் சுற்றிக்கொண்டே அடுப்பைப் பார்த்துக்கொண்டது. ஒரே அரைமணியில் இரண்டு மூன்று வேலை நடந்தால் அதையும் எழுத வேண்டும் என்பதால் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவருக்கே ஞாபகம் இல்லாததைக் கணவர் எடுத்துக்கொடுக்க ஆரம்பித்தார். "ஏம்மா, பத்து மணிக்குப் பாவு நூல் அறுந்துச்சே, நீதானே வந்து கட்டினே? அதச் சொல்லு." கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, "ஏனுங்க தம்பி, இதெல்லாமும் வேலைன்னு எழுதுவீங்களா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

எழுத வேண்டும் என்றேன். ஆனால் எல்லா ஆய்விலும் அப்படி எழுத முடியாது. தொழிலாளர் கணக்கெடுப்பில் முதன்மை வேலை என்ன என்று கேட்கும்போது அந்த அம்மா மாதிரியானவர்களை வீட்டு வேலை மட்டும் என்று 92-ஆம் குறியீட்டிலோ, வீட்டு வேலையோடு வீட்டு உபயோகத்துக்குத் தைப்பது, விறகு சேர்ப்பது போன்றவை என்று 93-லோ தள்ளிவிடுவது சுலபம். தறிக்குத் தார் சுற்றித் தருவது அந்த வீட்டுத் தொழிலில் கூலியில்லாமல் செய்யும் உழைப்பு, அதைத் தொழிலாகவே எழுத வேண்டும். துருவிக் கேட்டால்தான் வரும். கேட்பவர் அவசரத்தில் இருந்தால் அந்தப் பெண் உழைப்பாளர் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடுவார்.

2019-ல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், கூலியில்லாத வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024-ல் அது 289, 88. ஐந்து வருடத்தில் பெண்களுக்கு 10 நிமிடம் குறைந்தது, ஆண்களுக்கும் 9 நிமிடம் குறைந்துவிட்டது. யார் பங்கும் யாருக்கும் மாறவில்லை. இந்த எண்களை நூறு தடவை மேடையில் சொல்வதைவிட, அந்த வீட்டில் அரைமணி அரைமணியாக எழுதியபோது அந்தக் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

விழுப்புரத்திலிருந்து, திருநங்கை, சமூக ஆய்வுகளில் பணி:

நான் பதில் சொல்லும் பக்கத்தில் இருந்துதான் ஆரம்பித்தேன். சித்திரையில் கூவாகம் திருவிழாவுக்குப் போனால் எங்களைவிட ரெக்கார்டர் வைத்திருப்பவர்கள் அதிகமாகத் தெரிவார்கள். எப்போது வீட்டைவிட்டு வந்தீர்கள், ஆபரேஷன் ஆயிற்றா, வருமானம் என்ன என்று வரிசையாகக் கேட்பார்கள். ஆய்வு முடிந்து என்ன எழுதினார்கள் என்று திரும்பி வந்து சொன்னவர்களை நான் பார்த்ததில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் ஆண், பெண் தவிர மற்றவர் என்று முதல்முறையாக இடம் வந்தது. நாடு முழுக்க 4,87,803 பேர் என்று வந்தது. எனக்குத் தெரிந்த பலரை அவர்களுடைய வீட்டில் மகன் என்றே சொல்லி எழுத வைத்திருக்கிறார்கள். வீட்டில் ஒருவர் எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்லும் கணக்கெடுப்பில், வீட்டைவிட்டு வந்தவர் எங்கே வருவார்?

அப்புறம் நானே ஆய்வாளராகப் போனேன். வாடகை வீடு பற்றிய ஆய்வு. திருநங்கைக்கு வீடு கொடுப்பீர்களா என்பது கேள்விகளில் ஒன்று. நான் கேட்டால் எல்லா வீட்டு உரிமையாளர்களும் "தாராளமா கொடுப்போம்" என்றார்கள். அடுத்த தெருவில் என்னோடு வேலை செய்த பெண் கேட்டபோது பதிலே வேறு. உலக அளவில் நடக்கும் ஆய்வுகளிலும் யார் யார் உங்கள் பக்கத்து வீட்டில் இருக்கக் கூடாது என்று ஒரு பட்டியலை நீட்டிக் கேட்கிறார்கள். அந்தப் பட்டியலில் இருப்பவரே பட்டியலை நீட்டினால் யார் உண்மையைச் சொல்வார்கள்?

ஒரு அம்மா மட்டும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு. கீழ் போர்ஷன்ல இருக்கறவங்க காலி பண்ணிட்டுப் போயிடுவாங்களோன்னு பயமா இருக்கு." நான் உடனே கீழ் போர்ஷனுக்குப் போனேன், அவர்களும் எங்கள் சாம்பிளில் இருந்தார்கள். அங்கே இருந்தவர் சொன்னார், "எங்களுக்கென்ன, ஹவுஸ் ஓனர் அம்மாதான் சம்மதிக்க மாட்டாங்க."

இரண்டு பேருடைய பதிலையும் மற்றவரிடம் சொல்லக் கூடாது, அது ரகசியம் காப்போம் என்று நாங்கள் கொடுத்த வாக்கு. அதனால் சொல்லவில்லை. ஆனால் எங்கள் படிவத்தில் "உங்கள் தெருவில் மற்றவர்கள் ஒத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறீர்களா?" என்ற கேள்வியே இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அடுத்த சுற்றில் சேர்த்தார்கள்.

ஆராய்ச்சி மாணவர்:

விழுப்புரம் அக்கா, நீங்கள் கேட்ட கேள்விதான் சவூதியில் ஒரு பெரிய ஆய்வே ஆனது. ரியாத்தில் திருமணமான இளைஞர்களிடம் பெண்கள் வெளியே வேலைக்குப் போகலாமா என்று தனித்தனியாகக் கேட்டார்கள். பெரும்பாலானவர்கள் போகலாம் என்றார்கள். ஆனால் மற்ற ஆண்களில் அப்படி நினைப்பவர்கள் உண்மையில் இருப்பதைவிடக் குறைவு என்றுதான் அவர்களில் பெரும்பாலோர் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு பகுதியினருக்கு உண்மை எண்ணைச் சொன்னதும், மனைவியின் பெயரை வேலைவாய்ப்புச் சேவையில் பதியச் சம்மதித்தவர்கள் கூடினார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தபோது அந்தப் பெண்கள் வேலைக்கு விண்ணப்பித்ததும் கூடியிருந்தது. 2020-ல் வெளியான கட்டுரை. மேல் போர்ஷன், கீழ் போர்ஷன் கதை அப்படியே இதுதான். தனி ஆட்களின் பதிலை வெளியே சொல்லக் கூடாது, ஆனால் ஊர் மொத்தத்தின் எண்ணை ஊருக்கே திருப்பிச் சொல்லலாம். அதை நம் ஆய்வுகள் செய்வதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

திருப்பூரிலிருந்து:

எனக்கு போனில் வந்த ஆய்வு. வேலை, வெளியே போக அனுமதி, வீட்டு முடிவுகள் பற்றிக் கேட்டார்கள். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே போன், அது என் கணவருடையது. ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தார். அந்தப் பெண் "பக்கத்தில் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டதை அவரும்தான் கேட்டுக்கொண்டிருந்தார். நான் யாரும் இல்லை என்றேன். இந்தியாவில் தாங்களே பயன்படுத்தும் போன் உள்ள பெண்கள் 54% என்று 2019-21-ல் அந்தக் குடும்ப நல ஆய்வே சொன்னது. மீதிப் பேரிடம் போனில் என்ன கேட்டாலும் இப்படித்தான் பதில் வரும். தயவுசெய்து நேரில் வாருங்கள்.

வேடசந்தூர் பக்கம் வேலை செய்த கள ஆய்வாளர்:

திருப்பூர்த் தங்கச்சி, போனில் கேட்கும்போது எங்களில் சிலர் கேள்வியையே ஆமா, இல்லை என்று மட்டும் பதில் வருகிற மாதிரி அமைத்துக்கொள்கிறோம். பக்கத்தில் இருப்பவருக்கு என்ன கேள்வி என்று தெரியாது. ஆனால் ஸ்பீக்கர் போட்டுவிட்டால் அதுவும் உதவாது. நீங்கள் சொல்வதுதான் சரி, நேரில்தான் போக வேண்டும்.

உள்பெட்டியில் சிலர் கேட்டதற்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வன்முறை பற்றிச் சொன்ன பெண்ணிடம் என்ன கொடுத்துவிட்டு வருவது? 181 பெண்கள் உதவி எண்ணைத் தனியாக அச்சடித்த நோட்டீஸைக் கொடுக்காதீர்கள். அது கணவர் கையில் சிக்கினால் அதற்கே அடி விழும். நாங்கள் உள்ளங்கை அளவு அட்டை ஒன்று போடுகிறோம். மேலே 108 ஆம்புலன்ஸ், அடுத்து 104 மருத்துவ ஆலோசனை, 1098 குழந்தைகள் உதவி, அப்புறம் 181, கடைசியில் ஆரம்ப சுகாதார நிலையத்தின் எண். பேட்டி கொடுத்த எல்லா வீட்டுக்கும், ஆண்களுக்கும் சேர்த்து, அதே அட்டைதான்.