சிடிசி இல்லாம சிஸ்ப்ளெக்ஸா? யார் கிட்ட கதை விடுறீங்க

ஹட்டன்காரன்:
நேத்து இங்க ஒரு மகான் எழுதியிருக்காரு, மெயின்ஃபிரேம் சிஸ்ப்ளெக்ஸ்ல (பல பெரிய கம்ப்யூட்டர் சிஸ்டத்த ஒன்னா கோர்த்து ஓட்டுறது) சிஸ்டம் ஒன்னுக்கொன்னு பேச சிடிசி லிங்க் (ரெண்டு சிஸ்டத்த நேரா இணைக்கிற சேனல்-டு-சேனல் லைன்) வேணாமாம், கப்ளிங் ஃபெசிலிட்டி (எல்லா சிஸ்டமும் பகிர்ற பொது மெமரி, சுருக்கமா சிஎஃப்) மட்டும் போதுமாம். வாசிச்சதும் தேத்தண்ணி பொறையேறிருச்சு. துபாய்ல டேட்டா சென்டர்ல இதே கையால சிடிசி இழுத்தவன் நானு. சிடிசி இல்லாம, சிஸ்டங்களுக்கு நடுவுல தகவல் கடத்துற எக்ஸ்சிஎஃப் மெசேஜ எதுல அனுப்பும், காத்துலயா?

பண்டாரவளை பொடியன்:
நான்தான் அந்த மகான். சிஎஃப்ல லிஸ்ட் ஸ்ட்ரக்சர் ஒன்னு (மெசேஜ் வச்சு எடுக்குற இடம்) போட்டு, பாத்இன், பாத்அவுட்னு மெசேஜ் வர்ற வழி, போற வழி ரெண்டுலயும் அது பேர குடுத்தா போதும் அண்ணே. பேரு ஐஎக்ஸ்சினு தொடங்கணும், அவ்வளவுதான். சிடிசின்னா போக வர தனித்தனி பாத், எட்டு சிஸ்டத்துக்கு 56 எழுதணும். 32 சிஸ்டம் வந்தா உங்க கையாலயே இழுங்க.

ஹட்டன்காரன்:
தம்பி கணக்கு நல்லா போடுறாரு. சிடிசி இல்லாம முடியாதுன்னா முடியாது. 1990ல சிஸ்ப்ளெக்ஸ் வந்தப்ப சிஎஃப்னு ஒன்னு இருந்துச்சா?

பண்டாரவளை பொடியன்:
இல்ல. 1994ல பேரலல் சிஸ்ப்ளெக்ஸோட வந்துச்சு. நீங்க இன்னும் 1990லயே நிக்கிறீங்க.

தலவாக்கலை மாஸ்டர்:
ரெண்டு பேரும் கப்பிள் டேட்டா செட்ட, அதான் எல்லா சிஸ்டமும் பகிர்ற டிஸ்க் ஃபைல, மறந்துட்டீங்க. நம்ம தோட்டத்து ஆளுங்க காலையில பிரட்டுக்கு போய் வேலைக்கு பேர் போடுற மாதிரி ஒவ்வொரு சிஸ்டமும் அதுல நேரத்த பதிஞ்சுக்கிட்டே இருக்கும், குடுத்த இன்டர்வல் தாண்டியும் பதியலன்னா மத்ததுங்க அத செத்ததா சந்தேகப்படும். பிரைமரி டிஸ்க் போனா ஆல்டர்னேட் இல்லாட்டி கூண்டோட கைலாசம்.

ஹட்டன்காரன்:
மாஸ்டர், அது டிஸ்க். நான் கேட்டது சிடிசி.

கண்டி டவுன்:
எதுக்கெடுத்தாலும் பிரட்டு, கொழுந்துனு தோட்டத்த இழுக்காட்டி உங்களுக்கு தூக்கம் வராதா மாஸ்டர்?

தலவாக்கலை மாஸ்டர்:
டவுனுக்கு குடி போன மூனாம் நாளே தோட்டம் நாறுது உங்களுக்கு. உங்க அப்பா எங்க பேர் போட்டாருன்னு போய் கேளுங்க.

பண்டாரவளை பொடியன்:
சண்டைய அப்பறம் புடிங்க. அண்ணே, கன்சோல்ல "டி எக்ஸ்சிஎஃப், பாத்அவுட்"னு கமாண்ட் அடிச்சு பாருங்க, ஸ்ட்ரக்சர் பேரு வரும்.

ஹட்டன்காரன்:
நான் வீட்டுல மெயின்ஃபிரேம் வச்சா இருக்கேன் அடிச்சு பாக்க? சரி, அந்த சிஎஃப் விழுந்தா? அப்ப சிடிசிதானே காப்பாத்தணும்? மாட்டுனியா!

பண்டாரவளை பொடியன்:
அதுக்குத்தான் ரெண்டு சிஎஃப் வச்சு ஒவ்வொன்னுலயும் ஒரு ஸ்ட்ரக்சர் போடுறது. ஒன்னு போனா மத்ததுல ஓடும்.

ஹட்டன்காரன்:
ரெண்டு சிஎஃப் வாங்க காசு உங்க மாமனார் குடுப்பாரா? போன வருசம் டிபி2 டேட்டாபேஸ் விசயத்துலயும் இப்புடித்தான் குறுக்க வந்து பேசுன, நான் மறக்கல. சர்ட்டிஃபிகேட் படிச்சவன் எல்லாம் கேபிள் இழுத்தவனுக்கு பாடம் எடுக்குறான்.

கண்டி டவுன்:
அண்ணே, நீங்க இழுத்தது சிடிசியா, இல்ல டிவி கேபிளா?

ஹட்டன்காரன்:
டவுன்காரரே, உமக்கு தனியா இருக்கு. முதல்ல இந்த பொடியன் பதில் சொல்லட்டும். சிடிசி வேணுமா வேணாமா?

பண்டாரவளை பொடியன்:
வேணாம். மேல வாசிங்க.

ஹட்டன்காரன்:
வேணும்!