சிஐ-க்கு லினக்ஸ் பில்ட் மெஷின்: ரன்னர் நடுவுல ஆஃப்லைன் ஆகுது, செட்டப்பையே மாத்தணுமா?

குமரன்_பில்ட்

எல்லாருக்கும் வணக்கம். எங்களோடது சின்ன டீம், சிபிளஸ்பிளஸ் ப்ராஜெக்ட் ஒண்ணு, கூடவே நோட்ல ஒரு வெப் யூஐ. சிஐ-க்குன்னு, அதாவது புஷ் பண்ற கோடை தானா பில்ட் பண்ணி டெஸ்ட் பண்றதுக்குன்னு, தனியா ஒரு மெஷின் இருக்கு, 16 த்ரெட், 32 ஜிபி ராம், உபுண்டு 22.04. அதுல கிட்லேப் ரன்னர் (ஜாப்களை வாங்கி ஓட்டுற ப்ரோக்ராம்) ஷெல் எக்ஸிக்யூட்டர்ல ஓடுது, அதாவது ஜாப் நேரா மெஷின்லயே ஓடும். கம்பைலர், சிமேக், நிஞ்சா, நோட் எல்லாமே நேரா மெஷின்லயே இன்ஸ்டால் பண்ணது.

ரொம்ப நாள் நல்லாத்தான் ஓடுச்சு. இப்போ ரெண்டு பேர் ஒரே நேரத்துல புஷ் பண்ணா ஒரு ஜாப் பாதியில நின்னுடுது, சில நேரம் ரெண்டுமே போயிடுது, எரர்னு ஒண்ணும் வர்றதில்ல, லாக் பாதி வரியில அறுந்து கெடக்கு, ரன்னர் ஆஃப்லைன்னு காட்டுது, கொஞ்ச நேரம் கழிச்சு தானாவே மறுபடி ஆன்லைன் வந்துடுது. ரீட்ரை அடிச்சா பாஸ். நெட்வொர்க் பிரச்சனையோன்னு பாத்தோம், பிங் எல்லாம் சுத்தமா இருக்கு.

இன்னொண்ணு, இந்த மெஷின்ல பில்ட் ஆன பைனரி கஸ்டமரோட ரெட் ஹேட் 8 சர்வர்ல ஸ்டார்ட்டே ஆகல. ஜிலிப்சி (லினக்ஸோட அடிப்படை சி லைப்ரரி) 2.34 கிடைக்கலன்னு சொல்லிட்டு நின்னுடுது. நாங்க அப்படி புதுசா எந்த ஃபங்ஷனும் யூஸ் பண்ணவே இல்ல.

இப்போ ரெண்டாவது மெஷின் வருது, அதனால முதல்லேர்ந்து ஒழுங்கா செட் பண்ணலாம்னு இருக்கோம். டாக்கர் எக்ஸிக்யூட்டருக்கு, அதாவது ஒவ்வொரு ஜாபையும் தனி கன்டெய்னர்ல ஓட்டுற முறைக்கு, மாறினா இது ரெண்டும் தீருமா? ரெண்டு மெஷினும் ஒரே மாதிரி இருக்கணும்னா என்ன பண்ணணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சர்வர்_செல்வி

குமரன், மொதல்ல அந்த ஆஃப்லைன் கதைய பாப்போம், எனக்கு இது நெட்வொர்க் மாதிரி தெரியல, மெமரி மாதிரிதான் தெரியுது. கணக்கு போட்டுப் பாருங்க. நிஞ்சாவுக்கு நீங்க எதுவும் சொல்லலன்னா த்ரெட் எண்ணிக்கையோட ரெண்டு கூட்டி ஓட்டும், அதாவது 18 கம்பைலர் ஒரே நேரத்துல. டெம்ப்ளேட் அதிகமா இருக்குற ஃபைல்னா ஒரு கம்பைலர் ப்ராசஸே ஒரு ஜிபி, ஒன்றரை ஜிபி சாதாரணமா சாப்பிடும். ரெண்டு ஜாப் சேந்தா 36 கம்பைலர், உங்ககிட்ட 32 ஜிபி. லிங்க் ஸ்டெப், அதாவது கம்பைல் ஆன துண்டுகளை ஒரே பைனரியா சேக்குறது, வேற அதே நேரத்துல வந்தா சொல்லவே வேணாம், டீபக் இன்ஃபோ வெச்ச பெரிய பைனரிய லிங்க் பண்ண ஒரே லிங்கர் பல ஜிபி எடுத்துக்கும்.

சரி, மெமரி தீந்தா கம்பைலர்தானே சாகணும், ரன்னர் ஏன் சாகுதுன்னு கேப்பீங்க. இங்கதான் பல பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. ரன்னர் சிஸ்டம்டி (லினக்ஸ்ல சர்வீஸ்களைப் பாத்துக்குற ப்ரோக்ராம்) சர்வீஸா ஓடுது, ஷெல் எக்ஸிக்யூட்டர்ல ஜாப்போட ப்ராசஸ் எல்லாம் அந்த சர்வீஸோட சிகுரூப்புக்குள்ளயே (கெர்னல் ப்ராசஸ்களை சேத்து வெக்குற குழு) இருக்கும். கெர்னல் ஒரே ஒரு கம்பைலரைக் கொன்னாலும் சிஸ்டம்டி அதைப் பாத்துட்டு மொத்த சர்வீஸையும் நிறுத்திடும், ஏன்னா ஓஓஎம்பாலிசிங்கிற (ஓஓஎம்னா மெமரி தீந்து போறது) செட்டிங்கோட டீஃபால்ட் ஸ்டாப். 2019ல வந்த 243 வெர்ஷன்லேர்ந்து அப்படித்தான். அதனால ரன்னர், பக்கத்து ஜாப், எல்லாம் சேந்து போயிடும், அப்புறம் சர்வீஸ் ஃபைல்ல ரீஸ்டார்ட் ஆல்வேஸ்னு இருக்கறதால தானா திரும்பி வரும். நீங்க சொல்றது அப்படியே இதுதான். லாக் பாதி வரியில அறுந்ததும் அதனாலதான், எரர் எழுத வேண்டிய ஆளே உயிரோட இல்ல.

நிச்சயம் பண்ணிக்க, ரன்னர் சர்வீஸோட ஜர்னல எடுத்து ஓஓஎம்னு தேடுங்க, இந்த யூனிட்டோட ஒரு ப்ராசஸ ஓஓஎம் கில்லர் கொன்னுடுச்சுன்னு ஒரு வரியும், அதுக்கு கீழயே ரிசல்ட் ஓஓஎம் கில்னு இன்னொரு வரியும் இருக்கும். டிமெசேஜ்லயும் (கெர்னலோட லாக்) எந்த ப்ராசஸ்னு பேரோட இருக்கும்.

குமரன்_பில்ட்

செல்வி அக்கா, பாத்தேன். நீங்க சொன்ன ரெண்டு வரியும் அப்படியே இருக்கு, ஜாப் நின்ன நேரத்தோட நொடி கூட மாறாம பொருந்துது. டிமெசேஜ்ல சிசி1பிளஸ், அதாவது சிபிளஸ்பிளஸ் கம்பைலரோட பேர் இருக்கு. இத்தனை நாள் ரன்னரோட லாக்க மட்டுமே பாத்துட்டு இருந்தோம். இப்போ ராம் வாங்குறதா, இல்ல செட்டிங்லயே முடிச்சுக்கலாமா?

சர்வர்_செல்வி

ராம் வாங்குறதுக்கு முன்னாடி பண்ண வேண்டியது இருக்கு, இல்லன்னா 64 ஜிபி போட்டாலும் ப்ராஜெக்ட் வளர வளர இதே இடத்துக்குத்தான் வருவீங்க. ரன்னர் சர்வீஸுக்கு சிஸ்டம்கண்ட்ரோல் எடிட் போட்டு ஓஓஎம்பாலிசிய கண்டின்யூன்னு மாத்துங்க, அப்போ ஒரு கம்பைலர் செத்தா அந்த ஜாப் மட்டும் எரரோட ஃபெயில் ஆகும், கூட இருக்குற ஜாப் தப்பிச்சிடும். அடுத்து ஜாப்புக்கு இத்தனை கம்பைலர்தான்னு நீங்களே எழுதுங்க, ரெண்டு ஜாப் ஒண்ணா ஓடும்னா ஆளுக்கு எட்டு. லிங்க்குக்கு தனி பூல் வேணும், சிமேக்ல ஜாப் பூல்ஸ்னு இருக்கு, லிங்க் பூல்ல ரெண்டுன்னு வெச்சா கம்பைல் எட்டு ஓடினாலும் லிங்க் ரெண்டுக்கு மேல போகாது. இது நிஞ்சாவுக்கு மட்டும்தான் வேலை செய்யும், மேக்ஃபைலுக்கு இல்ல, நீங்க நிஞ்சாதானே, கவலையில்ல. இந்த லிங்க் பூல் ஒண்ணே பாதி பிரச்சனைய தீத்துடும்ங்கிறது என் அனுபவம்.

டாக்கருக்கு மாறினா ஒண்ணு கவனிங்க. கன்டெய்னருக்கு நாலு சிபியு போதும்னு லிமிட் குடுத்திருப்பீங்க, ஆனா உள்ள போய் என்ப்ராக் (சிபியு எண்ணிக்கை சொல்ற கமாண்ட்) அடிச்சா பெரும்பாலான டிஸ்ட்ரோல இன்னும் 16ன்னுதான் சொல்லும், ஏன்னா அது எந்தெந்த கோர்ல ஓடலாம்னு மட்டும் பாக்குது, நேர ஒதுக்கீட்டைப் பாக்கறதில்ல. அதை நம்பி மேக் ஓட்டினா நாலு சிபியுக்குள்ள 16 கம்பைலர் முட்டிக்கிட்டு நிக்கும். சிபியுசெட்டா குறிப்பிட்ட கோரைக் கட்டிப் போட்டா என்ப்ராக் சரியா சொல்லும், இல்லன்னா நம்பரை கையாலயே எழுதிடுங்க.

வேலன்_சி_டீம்

ஜிலிப்சி விஷயத்துக்கு நான் வர்றேன், இதுல நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. புதுசா எதுவும் யூஸ் பண்ணலங்கிறீங்களே, பண்ண வேண்டியதே இல்ல. ஜிலிப்சி 2.34ல ப்ரோக்ராம் ஸ்டார்ட் ஆகுற ஃபங்ஷனுக்கே புது வெர்ஷன் குடுத்துட்டாங்க, பிதிரெட் லைப்ரரியையும் லிப்சிக்குள்ளயே சேத்துட்டாங்க. அதனால 2.34 இல்ல அதுக்கு மேல இருக்குற மெஷின்ல வெறும் காலி மெயின் எழுதி லிங்க் பண்ணாலும் பைனரி 2.34 கேக்கும். உபுண்டு 22.04ல 2.35, ரெட் ஹேட் 8ல 2.28. ஓடவே ஓடாது.

பழசுல பில்ட் பண்ணா புதுசுல ஓடும், புதுசுல பண்ணா பழசுல ஓடாது, ஜிலிப்சிக்கு இது ஒண்ணுதான் ரூல். அதனால கஸ்டமர்கள்ல எது ரொம்ப பழைய சிஸ்டமோ அதுல பில்ட் பண்ணுங்க. உங்களுக்கு அல்மாலினக்ஸ் 8 (ரெட் ஹேட் 8 மாதிரியே இருக்குற இலவச லினக்ஸ்) கன்டெய்னர். பைத்தான் ஆளுங்க வீல் (பைத்தான் பேக்கேஜ்) பில்ட் பண்ண வெச்சிருக்குற மெனிலினக்ஸ் 2.28 இமேஜும் அதே அல்மாலினக்ஸ் 8 மேலதான் நிக்குது. அப்போ கம்பைலரும் பழசாயிடுமே, சிபிளஸ்பிளஸ் 20 எப்படி எழுதுறதுன்னு பயப்படாதீங்க, ஜிசிசி டூல்செட் 13 அங்க இருக்கு, புது கம்பைலர், பழைய ஜிலிப்சி. ஸ்டாண்டர்ட் லைப்ரரில புதுசா வந்த பகுதிய மட்டும் உங்க பைனரிக்குள்ளயே ஸ்டாட்டிக்கா வெச்சிடும், மீதிக்கு கஸ்டமர் மெஷின்ல இருக்குறதையே எடுத்துக்கும். ரொம்ப அழகா பண்ணிருக்காங்க.

சில பேர் எல்லாத்தையும் ஸ்டாட்டிக்கா லிங்க் பண்ணிடுன்னு சொல்வாங்க, ஜிலிப்சிய அப்படி பண்ணாதீங்க, ஹோஸ்ட்நேம் தேடுறது யூசர் நேம் தேடுறது எல்லாம் ரன்டைம்ல வேற லைப்ரரிய லோடு பண்ணும், லிங்கரே வார்னிங் குடுக்கும். ஜிலிப்சிக்கு பதிலா ஆல்பைன் லினக்ஸ்ல இருக்குற மசல் லைப்ரரி இன்னொரு வழி, ஆனா அதோட மெமரி அலாக்கேட்டர் மல்ட்டி த்ரெட்ல மெதுவா இருக்கும், உங்க மாதிரி ப்ராஜெக்ட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பைப்லைன்ல கடைசியா ஒரு செக் வெச்சிடுங்க, அப்ஜெக்ட்டம்ப் கமாண்ட்ல பைனரியோட டைனமிக் சிம்பலை எடுத்து 2.28க்கு மேல ஜிலிப்சி கேட்டா ஜாப் ஃபெயில். கஸ்டமர்கிட்டேர்ந்து மெயில் வர்றதுக்கு முன்னாடி சிஐ சொல்லிடும்.

அதனால என் பதில், டாக்கருக்கு மாறுங்க. மெஷின்ல டாக்கரும் ரன்னரும் தவிர எதுவும் இருக்கக்கூடாது. கம்பைலர் இமேஜ்ல, இமேஜோட டாக்கர்ஃபைல் ரெப்போல. இமேஜை லேட்டஸ்ட்னு குறிப்பிடாம ஷா256 டைஜஸ்ட் (இமேஜோட கைரேகை மாதிரி) போட்டு குறிப்பிடுங்க, அப்போ ரெண்டு மெஷின் என்ன பத்து மெஷின் வந்தாலும் ஒரே கம்பைலர்தான்.

நிலா_ஆப்ஸ்

வேலன் சொல்றதுல எனக்கு பெரும்பாலும் சம்மதம், ஆனா டாக்கருக்கு மாறுங்கன்னு சொல்லிட்டு அதோட நிறுத்திட்டா ஆபத்து. குமரன், உங்க பைப்லைன்ல டாக்கர் இமேஜ் பில்ட் பண்ற ஜாப் இருக்கா? இருந்தா யாராவது ஒருத்தர் டாக்கர் சாக்கெட்டை (டாக்கருக்கு கட்டளை குடுக்குற வழி) கன்டெய்னருக்குள்ள மவுண்ட் பண்ணிடுங்கன்னு சொல்லுவாங்க, ஒரே வரியில வேலை முடிஞ்சிடும், தயவுசெஞ்சு பண்ணாதீங்க. அந்த சாக்கெட் கைல இருந்தா ஹோஸ்ட்டோட ரூட் ஃபைல்சிஸ்டமையே இன்னொரு கன்டெய்னர்ல மவுண்ட் பண்ணி என்ன வேணா பண்ணலாம், அதாவது மெர்ஜ் ரெக்வெஸ்ட் அனுப்புற யாரும் உங்க பில்ட் மெஷின்ல ரூட். ப்ரிவிலேஜ்ட் மோடும் கிட்டத்தட்ட அதே கதை. ரன்னர் யூசரை டாக்கர் குரூப்ல சேக்குறதும் ரூட் குடுக்குறதும் ஒண்ணுதான். இமேஜ் பில்டுக்கு ரூட்லெஸ் பாட்மேன் இல்ல பில்டா (ரூட் உரிமை இல்லாமலே இமேஜ் பில்ட் பண்ற டூல்கள்) யூஸ் பண்ணுங்க, செட் பண்ண கொஞ்சம் நேரம் எடுக்கும், அந்த நேரத்துக்கு மதிப்பு இருக்கு.

ரிலீஸ் சைன் பண்ற கீ எந்த மெஷின்ல இருக்கோ அந்த மெஷின்ல வெளியாள் கோட் ஓடவே கூடாது. உங்ககிட்ட இப்போ ரெண்டு மெஷின் வரப்போகுதுல்ல, ஒண்ணை ப்ரொடெக்டட் ப்ராஞ்சுக்கு மட்டும்னு ஒதுக்கிடுங்க, கிட்லேப்ல ரன்னருக்கே ப்ரொடெக்டட்னு ஒரு டிக் இருக்கு. இது நாளைக்குப் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடுற விஷயம் இல்ல.

அப்புறம் டிஸ்க். டாக்கருக்கு மாறின கொஞ்ச நாள்ல இடம் இல்லன்னு எரர் வரும், டிஎஃப் அடிச்சா பாதி காலியா இருக்கும், குழம்பிடுவீங்க. ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபைல்சிஸ்டம் ஒதுக்குற பதிவு) தீந்திருக்கும், டிஎஃப்ல ஐ ஆப்ஷன் போட்டுப் பாருங்க. இஎக்ஸ்டி4 ஃபார்மேட் பண்ணும்போதே 16 கேபிக்கு ஒரு ஐநோட்னு முடிவு பண்ணிடும், பின்னாடி மாத்த முடியாது, நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர் லட்சக்கணக்குல சின்னச் சின்ன ஃபைல் போட்டு அதை முழுங்கிடும். புது மெஷின்ல டாக்கருக்கு தனி பார்ட்டிஷன், அதுல எக்ஸ்எஃப்எஸ் போடுங்க, அது தேவைக்கேத்த மாதிரி ஐநோட் உருவாக்கிக்கும். கிளீனப்புக்கு டைமர் வெச்சு ஒரு வாரத்துக்கு மேல பழசானதை மட்டும் ப்ரூன் பண்ணுங்க. மொத்தத்தையும் அழிச்சா மறுநாள் எல்லா ஜாபும் இமேஜை மறுபடி இறக்கும், ரெஜிஸ்ட்ரி லிமிட்ல போய் முட்டும். கன்டெய்னர் லாக்குக்கு சைஸ் லிமிட்டும் நீங்கதான் வெக்கணும், டீஃபால்ட்டா கிடையாது.

குமரன்_பில்ட்

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஓஓஎம்பாலிசி மாத்தி, லிங்க் பூல் ரெண்டு, ஜாப்புக்கு எட்டுன்னு வெச்சாச்சு. ஒரே நேரத்துல வேணும்னே ரெண்டு ஃபுல் பில்ட் தள்ளிப் பாத்தோம், ரன்னர் அசையவே இல்ல. அல்மாலினக்ஸ் 8 இமேஜ்ல பில்ட் பண்ண பைனரி கஸ்டமர் சர்வர் மாதிரியே போட்ட விஎம்ல ஸ்டார்ட் ஆகுது. புது மெஷினை நிலா சொன்ன மாதிரி ரிலீஸுக்கு மட்டும் ஒதுக்குறோம்.

ஒரே ஒரு விஷயம் புரியல. சிகேஷ் (ஒரு தடவை கம்பைல் பண்ணதை சேத்து வெச்சு மறுபடி தர்ற டூல்) ஃபோல்டரை எல்லா ஜாப்புக்கும் பொதுவா வால்யூமா குடுத்தோம், இருந்தும் ஹிட் பாதிக்குப் பாதிதான் வருது. ஒரே கமிட்ட திரும்ப ஓட்டினாக்கூட சில நேரம் எல்லாமே மிஸ்.

வேலன்_சி_டீம்

ஜாப் ஓடுற ஃபோல்டர் பாத்தைப் பாருங்க குமரன். ஷெல் எக்ஸிக்யூட்டர்லயும், பில்ட் ஃபோல்டரை ஹோஸ்ட்லேர்ந்து மவுண்ட் பண்ண டாக்கர்லயும் ரெண்டு ஜாப் ஒண்ணா ஓடும்போது கிட்லேப் ரன்னர் ஒண்ணுக்கு பாத்ல 0, இன்னொண்ணுக்கு 1ன்னு வேற வேற ஃபோல்டர் குடுக்கும். டீபக் இன்ஃபோவோட கம்பைல் பண்ணா அந்த ஃபோல்டர் பேரும் ஆப்ஜெக்ட் ஃபைலுக்குள்ள போகும், அதனால சிகேஷ் அதையும் சேத்துதான் ஹேஷ் போடும், 0ல கிடைச்சது 1க்கு உதவாது. சிகேஷ்ல பேஸ் டிர் செட் பண்ணுங்க, கூடவே ஜிசிசிக்கு ஃபைல் ப்ரிஃபிக்ஸ் மேப் ஆப்ஷன் குடுத்து பாத்தை ஒரே பேருக்கு மாத்துங்க, ஜிசிசி 8லேர்ந்து இருக்கு. அப்புறம் கம்பைலர் செக்கை கன்டென்ட்னு வெச்சிடுங்க, டீஃபால்ட்ல கம்பைலர் ஃபைலோட தேதியும் சைஸும்தான் பாக்கும், இமேஜ் மாறும்போது அதை நம்ப முடியாது. கேஷ் சைஸும் டீஃபால்ட் 5 ஜிபிதான், உங்க ப்ராஜெக்ட்டுக்கு பத்தாது, 20 வெச்சுப் பாருங்க.

நிலா_ஆப்ஸ்

அந்த கேஷ் வால்யூமை ரிலீஸ் மெஷினுக்கு மட்டும் குடுத்துடாதீங்க. மெர்ஜ் ரெக்வெஸ்ட் ஜாப் எழுதின ஆப்ஜெக்ட் ஃபைல் ரிலீஸ் பைனரிக்குள்ள வந்துடக்கூடாது. ரிலீஸ்னா சிகேஷ் ஆஃப், மெதுவா ஆனாலும் பரவால்ல, முழுசா பில்ட் ஆகட்டும்.